எங்கள் தக்காளித் தோட்டத்தைக் காத்துத் தந்தவர்களுக்கு

பாலக்கோட்டை அடுத்த எங்கள் 50 சென்ட் நிலத்தில் மாசியில் நட்ட தக்காளியின் கடைசிப் பறிப்பு சென்ற வாரம் முடிந்தது. பங்குனியிலேயே உழுது அழித்துவிட முடிவு செய்திருந்த தோட்டம் அது. அதைக் காத்துத் தந்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நட்ட ஒரு மாதத்தில் இலைகளில் கொப்புளம் போல வெண்திட்டுகள் தோன்றின. மூன்று முறை மருந்தடித்தும் பலனில்லை. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து வந்த பூச்சியியல் வல்லுநர் ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே, நூல்துண்டு போல ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து பரவி, 2014-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஊசிப்புழு அது என்றும், இலைக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது என்றும், நான் அடித்த மருந்து நன்மை செய்யும் பூச்சிகளையே கொன்றிருக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்துக்காகவே அவருக்கு என் முதல் வணக்கம்.

அவர் சொன்னபடி, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சிகளை இழுத்து, தட்டிலுள்ள நீரில் விழவைக்கும் 8 இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்தோம். மறுநாள் விடியலில் தட்டுநீரில், அந்தப் புழு வளர்ந்து உருமாறிய சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் மிதந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. புழு விழுந்த இலைகளைக் கிள்ளிச் சேர்த்துக் குழியில் புதைத்ததும், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, மறுநாள் வெயில் தாழ்ந்த பின் தெளித்ததும் எங்கள் தெருப் பெண்கள். கூலி கொடுத்தேன் என்றாலும், ஒரு செடியைக்கூட விடாமல் இலை திருப்பிப் பார்த்த அவர்களின் அக்கறைக்குக் கூலி ஈடாகாது.

புழு அடங்கியதும் சித்திரை வெயில் வந்தது. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் தணியாதபோது மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் பிஞ்சு பிடிக்காமலே உதிர்ந்தன. எங்கள் ஆழ்துளைக் கிணறும் அப்போதே வற்றியது. மேற்கு வரப்புக்காரரான பெரியப்பா, மண்ணின் ஈரம் காயாமல் மூடிவைக்கும் மூடாக்குக்குத் தம் கரும்பின் காய்ந்த சோகையைத் தந்ததோடு, தினமும் இரவு இரண்டு மணி நேரம் தம் கிணற்று நீரை எங்கள் சொட்டுநீர்க் குழாயில் விட்டார். அவருடைய தென்னைகளும் அப்போது வாடிக்கொண்டுதான் இருந்தன. பெரியப்பா, ஆவணி நடவுக்கு உங்கள் வயலுக்கும் சேர்த்தே நாற்று சொல்லியிருக்கிறேன்; பொறிகளையும் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.