மதிப்பெண் பூஜ்ஜியம் என்றாலும் இமையைப் பாருங்கள்

தாலுகா மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். கண் வீங்கிச் சிவந்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் செல்லுலைட்டிஸ் என்ற சாதாரணத் தோல் தொற்றுதான். எப்போதாவது ஒருவருக்கு நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் இருக்கும். தோலுக்கடியில் திசு அழுகிக்கொண்டே போகும். பார்வையும் போகலாம், உயிரும் போகலாம். அந்த ஒருவரை எல்ரினெக் என்ற ரத்தச் சோதனை மதிப்பெண் குறைவு என்பதற்காக வார்டில் காத்திருக்க வைக்காதீர்கள்.

2004-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு அது. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியேட்டினின், சர்க்கரை என்று ஆறு சோதனைகள். மொத்தம் 13, ஆறைத் தொட்டால் சந்தேகம். இமைக்கென்று செய்யப்பட்டதல்ல. சிஆர்பி 150 என்றால் 4 மதிப்பெண், 149 என்றால் ஒன்றுமில்லை. நல்ல உடல்நிலையில் இருந்தவர் முதல் நாளே வருகிறார்: சிஆர்பி 120, வெள்ளணு 13,000, ஹீமோகுளோபின் 14, மற்றவை சரி. கூட்டினால் பூஜ்ஜியம். இமையோ கருக்கத் தொடங்கியிருக்கும். நெடுநாள் சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டவருக்கு ஹீமோகுளோபின் 10, சோடியம் 132, கிரியேட்டினின் 2.5, சர்க்கரை 260 இருந்தால், தொற்றே இல்லாமல் 7 வந்துவிடும். சிஆர்பியின் அலகையும் கவனியுங்கள். கணக்கில் அது லிட்டருக்கு மில்லிகிராமில் இருக்கிறது. லேப் ரிப்போர்ட் டெசிலிட்டரில் 16 என்று வந்தால் அது 160. அப்படியே 16 என்று போட்டால் 4 மதிப்பெண் காணாமல் போகும்.

இமைத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அடியில் ரத்தக் குழாய் அடைபட்டதும் நிறம் மாறும்: சிவப்பு ஊதாவாகும், பிறகு சாம்பல் படரும், கொப்புளம் கிளம்பும். பார்வைக்குச் சின்ன வீக்கம், வலியோ தாங்க முடியாதது என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள். அதே இடம் பிறகு மரத்துப்போனால் நிம்மதி அடையாதீர்கள், நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடிட்டு, பக்கத்திலேயே மணியை எழுதுங்கள். மணிக்கொரு தரம் பாருங்கள். கோட்டைத் தாண்டிக் கன்னத்துக்கோ மூக்குத்தண்டைக் கடந்து மறுகண்ணுக்கோ போனால் இனி உங்களிடம் நேரமில்லை.

இமையை விலக்கிக் கண்ணைப் பார்க்காமல் யாரையும் அனுப்ப வேண்டாம். விரல் எண்ணச் சொல்லுங்கள். டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடியுங்கள். வெளிச்சம் விழும்போது கண்மணி சுருங்காமல் விரிந்தால் பார்வை நரம்புக்கோ விழித்திரைக்கோ ஆபத்து. ரத்த அழுத்தம் சரிவது, நாடி ஓடுவது, பேச்சு குழறுவது உயிருக்கான எச்சரிக்கை. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு உடலெங்கும் பரவிய அதிர்ச்சியில்தான் பலர் இறக்கிறார்கள்.

அதனால்தான் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வலியுறுத்துகிறோம். மற்ற மருந்து கிருமியைக் கொல்லும்; இது நச்சு உற்பத்தியையே நிறுத்தும். பெரியவர்களுக்கு, பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், கிளிண்டாமைசின் 900 மில்லிகிராம் இரண்டையும் சிரை (ரத்தக் குழாய்) வழியே தொடங்குங்கள். கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) முதலில் ரத்தம் எடுங்கள். குப்பி இல்லையென்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். வலி மருந்தான டைக்ளோஃபெனாக் போட்டால் காய்ச்சலும் வலியும் மறைந்து அறிகுறி கைவிட்டுப் போகும். ஸ்கேனில் காற்றுக் குமிழ் தெரியவில்லை என்பதும் ஆறுதலல்ல, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெரும்பாலும் காற்று உண்டாக்குவதில்லை. சர்க்கரை நோயாளியின் மூக்கினுள் கருப்புப் பொருக்கு இருந்தால் அது வேறு கதை, கருப்புப் பூஞ்சை. அதையும் உடனே சொல்லுங்கள்.

108-ஐ அழைக்கும்போதே மேல் மருத்துவமனைக் கண் பிரிவுக்கும் போன் செய்யுங்கள். சீட்டில் கோடு போட்ட நேரம், விரல் எண்ணினாரா, கண்மணி எப்படி, முதல் ஊசி எத்தனை மணிக்கு என்ற நான்கும் இருந்தால், நோயாளி இறங்கியதும் நேராக அறுவை அரங்குக்கு எடுத்துப்போக முடியும்.

இப்படிக்கு,
கண் இமை, கண்குழி அறுவை சிகிச்சை மருத்துவர்கள்