ஆராதனைப் பதிவு பற்றி மகளுக்கு

திருவையாறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தியாகராஜர் ஆராதனை அன்று காலை டிவியில் வந்த பஞ்சரத்ன கீர்த்தனைகளை முழுசாகப் பதிந்து வைத்துவிட்டேன். "செட்டாப் பெட்டியில் இருப்பதை அப்படியே அனுப்ப இத்தனை நாளா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்து வீசிஆர் மாதிரி, திரைக்கு வருகிற படத்தை நாடாவில் ஏற்றுகிற வேலை இல்லை இது. ஒளிபரப்புகிறவர்களே படத்தையும் ஒலியையும் சுருக்கி, 188 பைட் கொண்ட பொட்டலங்களாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் கலந்துதான் மாடியில் இருக்கிற டிஷ்ஷுக்கு வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் ஓர் எண் இருக்கும். கல்லணையில் ஒரே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறதே, அப்படி அந்த எண்ணைப் பார்த்துப் பெட்டி பிரித்துவிடும். நமக்கு வேண்டிய சேனலின் பொட்டலங்களை மட்டும் வரிசை மாறாமல் எழுதிக்கொண்டே போகும். நொடிக்கு 4 மெகாபிட் வருகிற சேனல் என்றால் 2,600 பொட்டலங்களுக்கு மேல், மணிக்கு 1.8 ஜிபி. மறுபடி சுருக்குவது கிடையாது. அதனால் நேரலைக்கும் பதிவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. யாரோ செல்போனில் எடுத்து நாலு கை மாறி உனக்கு வருகிறதே, அதில் தம்பூரா சுத்தமாகக் காணாமல் போய்விடுகிறது. அதைக் கேட்டு நீ திருப்திப்படுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கூடத்தில் இருக்கிற கட்டணப் பெட்டியிலும் பதிவு இருக்கிறது. ஆனால் அது எழுதும்போதே பூட்டிவிடும், சாவி அந்தப் பெட்டிக்குள்தான். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்காது. நாம் மாசாமாசம் காசு கட்டிப் பார்ப்பதை நம் பிள்ளைக்குக் காட்ட முடியவில்லையே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. சரி, தூர்தர்ஷன் இலவசமாக வருவதுதானே என்று தனியாக ஒரு சின்ன டிஷ்ஷும் பெட்டியும் வைத்தேன். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிற ஜிசாட் 15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கே வரும். அந்தப் பக்கம் தென்னை மட்டை மறைத்தது, வெட்டச் சொன்னேன். பூட்டு இல்லாத சேனல் என்பதால் அந்தப் பெட்டியில் பென்டிரைவைச் செருகினால் போதும், கம்ப்யூட்டரில் திறக்கிற பதிவாகவே விழுகிறது.

ஆரபி ராகத்தில் 'சாதிஞ்செனே' பாடும்போது ஓரிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலியும் கொஞ்சம் விக்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று பயப்படாதே. அந்த நேரம் மழை வலுத்துவிட்டது. பொட்டலத்தோடு 16 பைட் கூடுதலாக வரும், அதை வைத்து 8 பைட் வரை சிதைந்ததைப் பெட்டியே சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் போனால் போனதுதான், வந்து சேராததைப் பெட்டி எங்கிருந்து எழுதும்? அதிலும் எல்லாப் படமும் முழுசாக வருவதில்லை. நடுநடுவே ஒரு முழுப் படம், மற்றவற்றில் பெரும்பாலும் என்ன மாறியது என்பது மட்டும். அதனால் ஒன்று கெட்டால் அடுத்த முழுப் படம் வரும்வரை கோளாறு நிற்கும். அப்புறம் தானாகத் தெளிந்துவிடும். அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெட்டினால் பாட்டு குதிக்கும்.

இன்னொன்று. பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் இருப்பதால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. எட்டரைக்கே தொடங்கி இரண்டரை மணி நேரம் ஓடியதில் பெட்டி இரண்டு துண்டாகப் பிரித்திருக்கிறது. விஎல்சி பிளேயர் போட்டு இரண்டையும் வரிசையாகச் சேர்த்துக்கொள், நடுவில் ஒரு வினாடி தட்டும். அடுத்த வாரம் உன் ஊருக்கு வருகிற உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் இருந்து வாங்கியதும் முதலில் ஒரு பிரதி எடுத்து வை.

இப்படிக்கு,
அப்பா