அண்டா தந்தவர்களுக்கும் வளையல் தந்தவர்களுக்கும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போன டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாளன்று, எங்கள் பிள்ளைகள் கணக்குக் கண்காட்சி வைத்தார்கள். அன்றைக்கு மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அந்தக் கண்காட்சிக்கு ஒரு புளியங்கொட்டைகூடத் தந்தவர்களில்லை. (அவர்கள் வந்ததில் சந்தோஷம்தான். பேச்சுதான் கொஞ்சம் நீளம்.) தந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் சாரத்தின் மேலும் தறியிலும் கடையிலும் அடுப்படியிலும் வேலையாக இருந்தார்கள். மேடையில் விட்டுப்போன நன்றியை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, தாயம் ஆடுகிற ஒரு பாட்டிக்கு. ஆறாம் வகுப்புக்கு முழுக்கள் (மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்கள்) நடத்தும்போது மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் ஐந்து என்று போர்டில் எழுதினேன். "கழிச்சா எப்டி டீச்சர் ஏறும்?" என்று ஒரு பையன் கேட்டான். 'மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ்' என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம். பல வருஷம் அப்படித்தான் அடைத்திருக்கிறேன். அந்தப் பையனின் பாட்டிதான் புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து, இருநூறுக்கும் மேல், மஞ்சப் பையில் கொடுத்தனுப்பினார். தேய்க்காத பழுப்புப் பக்கம் ப்ளஸ் ஒன்று, தேய்த்த வெள்ளைப் பக்கம் மைனஸ் ஒன்று. பழுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் சேர்ந்தால் பூஜ்ஜியம். இப்போது மூன்று பழுப்பு இருக்கிறது, அதிலிருந்து இரண்டு வெள்ளையை எடு என்றால் எடுக்க வெள்ளையே இல்லை. பழுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து வை; பூஜ்ஜியத்தைத்தானே சேர்த்தாய், மதிப்பு மாறவில்லை. இப்போது இரண்டு வெள்ளையை எடு. மிச்சம் ஐந்து பழுப்பு. கேள்வி கேட்டவன் அதை மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான். இரண்டாம் வாரம் எண்ணிப் பார்த்தால் கொட்டைகள் குறைந்திருந்தன. யாரோ வறுத்துத் தின்றிருக்கிறார்கள். பாட்டி திட்டாமல் மறுபடியும் தேய்த்துக் கொடுத்தார்.

அடுத்து பஜாரில் வளையல் கடை வைத்திருக்கும் அக்கா. வட்டத்தின் சுற்றளவுக்காக அவரிடம் பழைய வளையல் கேட்கத்தான் போனேன். "இன்னா சைஸ் டீச்சர், ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா, ரெண்டு பத்தா?" என்றார். பெட்டியில் 2.6, 2.8, 2.10 என்று போட்டிருந்தது. என்னோடு வந்த ஏழாம் வகுப்புப் பெண், "2.10ன்னா 2.1 தான, அது 2.8ஐவிடச் சின்னது" என்றாள். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே 2.10ஐ எடுத்து அவள் கையில் மாட்டினார். தொளதொளவென்று முழங்கை வரை போனது. அங்கே இருந்த புள்ளி தசமப்புள்ளி இல்லை. வளையலின் உள்விட்டம் இரண்டு அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் பத்து பங்கு. அதாவது இரண்டு எட்டு என்பது சரியாக இரண்டரை அங்குலம். பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று நம்மிடம் பெயரே உண்டு. கடை வாசலில் நின்றபடியே பின்னமும் தசமமும் நடந்து முடிந்தன. அந்த ஒரு பாடத்துக்காகவே அக்காவுக்குத் தனியாகக் கும்பிடு.

கொடுத்த வளையல்களை வைத்து நூல் சுற்றி அளந்தோம். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் எல்லாருக்கும் மூன்றே சொச்சம் (3.14) வரவேண்டும். ஒரு குழுவுக்கு 3.3 வந்தது. இரண்டு ஆறு வளையல், விட்டம் 6 சென்டிமீட்டர், சுற்றளவு 20. தப்பு என்று அடித்துப்போட மனம் வரவில்லை, எங்கே அளந்தாய் என்று கேட்டேன். விட்டத்தை வளையலுக்கு உள்ளே அளந்திருந்தார்கள், நூலை வெளியே சுற்றியிருந்தார்கள். வளையலின் தடிப்பு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர். விட்டம் 6.4 என்று வைத்து மறுபடி வகுத்தால் 3.125. இன்னொரு குழுவுக்கு 2.9. அவர்கள் சுற்றியது ரப்பர் மாதிரி இழுபடும் நூல். சரியான விடை எழுதிய குழுக்களைவிட இந்த இரண்டு குழுவும்தான் அன்று அதிகம் கற்றன என்பது என் கணிப்பு.

சிறிய வட்டத்தில் சின்ன பிசகும் பெரிதாகத் தெரியும், பெரிய வட்டமாகப் பாருங்கள் என்றதும் எல்லார் கண்ணும் சத்துணவுக் கூடத்து அண்டா மேல் விழுந்தது. சமையல் அம்மா சோறு வடித்து முடித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக் கொடுத்தார். அவருக்கு அன்று வீடு போக நேரமானது. அம்மா, மன்னியுங்கள்.

மேஸ்திரி அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றுச்சுவர் வேலைக்கு வந்தவர். எட்டாம் வகுப்பு ஜன்னலுக்கு நேரே ஒரு மூலையில் டேப்பைப் பிடித்து, ஒரு பக்கம் மூன்று அடியில் கோடு, மறுபக்கம் நாலு அடியில் கோடு, குறுக்கே அளந்தால் ஐந்து அடி வரணும், வந்தால் மூலை மட்டம் என்று சித்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே நான் பிதாகரஸ் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன்! வெளியே கூட்டிப் போய்விட்டேன். "ஆறும் எட்டும் வச்சா குறுக்க எவ்ளோ அண்ணா?" என்று ஒருத்தி கேட்டாள். "பத்து. பெரிய ரூமுக்கு அதத்தான் வைப்போம். சின்ன அளவுல நூல் வித்தியாசம் தெரியாது, பெரிசுல காட்டிக் குடுத்துரும்" என்றார். பெரிதாக வைத்து அளந்தால் துல்லியம் கூடும், அண்டா விஷயத்தில் நான் சொன்னதும் அதுதானே. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கு ஒரு வால் உண்டு. கண்காட்சிக்காகப் பிள்ளைகளின் அம்மாக்கள் கோலம் போட்டார்கள், ஏழு புள்ளிக் கோலம்: 1, 3, 5, 7, 5, 3, 1. மேலிருந்து நடு வரிசை வரை கூட்டினால் 16, கீழே மிச்சம் 9, மொத்தம் 25. ஒரு பெண் நிமிர்ந்து, "டீச்சர், இது மேஸ்திரி அண்ணனோட மூணு நாலு அஞ்சு" என்றாள். 9, 16, 25 மூன்றும் 3, 4, 5இன் வர்க்கங்கள்தானே! எனக்கே அது தோன்றியதில்லை. எல்லாக் கோலத்திலும் இப்படி வருமா என்று ஒன்பது புள்ளிக்குப் போட்டுப் பார்த்தார்கள். 25ம் 16ம் 41. எந்த முழு எண்ணின் வர்க்கமும் இல்லை. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஏன் வரவில்லை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். தேடட்டும்.

கைலி நெய்யும் தறிக்காரர் ஒரு முழம் துணியைக் கொடுத்து, திரும்பத் திரும்ப வரும் கோடுகளில் ஒரு சுற்றுக்கு எத்தனை இழை என்று எண்ணச் சொன்னார். சிவப்பு 12, வெள்ளை 4, கறுப்பு 8. விகிதம் 3:1:2 என்று பிள்ளைகள் சுருக்கியதும், "அப்ப 1200 இழைப் பாவுல செவப்பு எத்தினி?" என்று அவரே கேட்டார். (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள்.) 600. அவர் கேட்டதில்தான் ஆறாம் வகுப்புக்கு விகிதம் எதற்கு என்பது புரிந்தது.

எல்லாமே சரியாக நடக்கவில்லை. முதலில் வகுப்பில் ஒரு சந்தை நடத்தினோம், காகிதப் பணம், கத்தரிக்காய், தராசு எல்லாம் வைத்து. ஒரே கூச்சல், ஒரே குதூகலம். மறுநாள் சதவீதக் கணக்கு கொடுத்தால் ஒருவருக்கும் வரவில்லை. விளையாட்டு முடிந்த சூட்டோடு நோட்டைத் திறக்க வைக்கவேண்டும் என்று அப்போது சொன்ன வட்டார வள மையத்து ஆசிரியருக்கு நன்றி. நாற்பது நிமிஷம் போதாதபோதெல்லாம் தன் பீரியடை விட்டுக்கொடுத்த தமிழ் டீச்சருக்கு நன்றி. நான் திருப்பித் தரவேண்டிய பீரியட் பதினொன்று என்று அவர் கணக்கு வைத்திருக்கிறார். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கணக்கு உபகரணப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், உடைந்தால் யார் பதில் சொல்வது என்று. இங்கே தலைமையாசிரியர் முதல் நாளே சாவியை என்னிடம் கொடுத்து, "உடையட்டும்" என்றார். அதற்கும்.

வளையல் அக்கா, நாலு உடைந்துவிட்டது. காசு வேண்டாம் என்று சொல்வீர்கள், ஆனாலும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். சமையல் அம்மா, அண்டாவின் அடியில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு இருக்கும், இந்த வாரம் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு இன்னும் அளக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்