நெதர்லாந்தில் இருக்கும் மகளுக்கு

அம்மாடி,

போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வார்டில் இருக்கும் அந்த நோயாளிக்கு நரம்பு நோயில் கை கால் விளங்காமல் போய்விட்டது. கருணைக்கொலைக்கு அனுமதி வாங்கிவிட்டார். இப்போது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தானம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறார். இது சரியா அப்பா என்று கேட்டாய்.

சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் எது முதலில் வந்தது என்பதில் நான் கறார். சாக வேண்டும் என்ற முடிவு அவர் படும் பாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். டாக்டர்கள் அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் தானப் பேச்சே எழலாம். 'படுத்த படுக்கையாகக் கிடக்கிறேன், நாலு பேருக்காவது உதவட்டும்' என்று ஒருவர் சாவைத் தேடக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்களைத்தான் உனக்குத் தெரியுமே, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பே அவர்களைப் பாதி கொன்றுவிடும். அதனால்தான் மரணத்துக்கு உதவும் டாக்டர் வேறு, உறுப்பெடுக்கும் குழு வேறு என்று அங்கே பிரித்து வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசி நிமிடத்தில் அவர் தானம் வேண்டாம் என்றாலும், சாகவே வேண்டாம் என்றாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

என்னை உறுத்துவது வேறொன்று. வீட்டில் சாக நினைப்பவரும் தானத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முன்கூட்டியே. மருந்து ஏற்றி, இதயம் நின்று, ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். அப்புறம் உறுப்பெடுக்கக் கட்டிலை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் பிடித்திருக்கும் கையை விட்டுவிட வேண்டியதுதான். இங்கே டர்பனில் நாம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, விபூதி பூசி, தேவாரம் பாடி, ஆற அமர அழுத பிறகுதான் கிளேர் எஸ்டேட் சுடுகாட்டுக்கு எடுக்கிறோம். அங்கே சிலருக்கு வீட்டிலேயே மயக்க மருந்து கொடுத்து, உறவுகள் விடைகொடுத்த பிறகு ஆம்புலன்சில் ஏற்றுகிறார்களாமே, அது தேவலை. உன்னால் முடிந்தால் அந்தக் குடும்பத்துக்கு முந்தின நாள் ராத்திரியை முழுசாக விட்டுக்கொடு.

நம் தென்னாப்பிரிக்காவில் கருணைக்கொலைக்குச் சட்டம் இடம் தருவதில்லை. 2015-ல் பிரிட்டோரியா நீதிமன்றம் ஒரு வழக்கறிஞருக்கு அனுமதி கொடுத்தது. தீர்ப்பு வரும் முன்பே புற்றுநோயில் அவர் போய்விட்டார். மறு வருஷம் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தாயிற்று.

நம் ஊர்க் கவலை வேறு. உறுப்பு கொடுக்க ஆளில்லை. சுப்பிரமணி வழக்கு நடந்தபோது நீ சின்னப் பிள்ளை. டர்பன்காரர், 41 வயது, சர்க்கரை, இதய நோய், சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸ் மெஷின்கள் போதாததால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுந்தவர்களுக்குத்தான் இடம் என்றது அரசு ஆஸ்பத்திரி. இதய நோயால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. 1997 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றமும் கையை விரித்தது. கொஞ்ச நாளில் இறந்துபோனார். ஒரு சிறுநீரகம் கிடைத்தால் ஒருவர் பிழைப்பதோடு போவதில்லை, அவர் உட்கார்ந்திருந்த மெஷினும் இன்னொருவருக்குக் காலியாகிறது.

அதனால் நானும் பெயர் பதிந்துவிட்டேன். ஆனால் அட்டை இருந்தாலும் இங்கே கடைசியில் குடும்பத்தைத்தான் கேட்பார்கள். 1967-ல் கேப் டவுனில் எட்வர்ட் டார்வாலைக் கேட்ட மாதிரி. ஒரே கார் விபத்தில் மனைவி செத்து, மகள் டெனிஸ் மூளை சிதைந்து கிடந்தபோது, சில நிமிடத்தில் மகளின் இதயத்தைக் கொடுக்கச் சம்மதித்தார் அந்த மனுஷர். உலகத்தின் முதல் இதய மாற்று அது. அவ்வளவு மனத்திடம் உன் தம்பிக்கு இல்லை. உடம்பைக் கீறவே கூடாது என்று நிற்பான், அத்தையும் அவன் பக்கம்தான் பேசுவாள். நீ ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டுப் பேசு. கண்ணையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா