கப்பல் ஏறப்போகும் பிள்ளைக்கும் அவன் அம்மாவுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடற்படை அக்னிவீர் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும், எழுத்துத் தேர்வுக்கு இன்னின்ன பாடம் படிக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரை தேர்ச்சியோடு முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பயிற்சி மையங்களின் பேனர்களும் அங்கேயேதான் முடிகின்றன. வெள்ளைச் சீருடையில் ஒரு பையன், பின்னால் ஒரு போர்க்கப்பல். அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய பிறகு பையனின் பாடு என்ன என்று சொல்ல ஆளில்லை. 1993 முதல் 2013 வரை கடற்படையில் மாலுமியாக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எழுத வைத்தது தங்கை வீட்டில் நடந்த பேச்சு. அவள் மகன் ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்து லீவில் வந்திருந்தான். “மாமா, பயிற்சியில எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா மொத மொதல்ல கடலுக்குப் போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். அடுப்படியிலிருந்து தங்கை கேட்டாள்: “அண்ணே, கப்பல்ல இருந்து தெனமும் போன் பேச முடியுமா?” அன்றைக்கு நான் இரண்டுக்கும் மழுப்பினேன். பையன் பயந்துவிடுவானோ, தங்கை அழுதுவிடுவாளோ என்ற தயக்கம். அப்படி மழுப்பியது தவறு.

முதலில் பையன் கேட்டதற்கு வருகிறேன். நான் மணப்பாட்டுக்காரன். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். பத்து வயதிலேயே அவரோடு கடலுக்குப் போயிருக்கிறேன். கடல் எனக்குப் புதுசில்லை என்ற நினைப்போடுதான் 1994 ஜூனில் மும்பையில் கப்பல் ஏறினேன். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியிருந்த நேரம். துறைமுகம் தாண்டி இரண்டு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. மூன்று நாள் நிற்கவில்லை. வள்ளத்தில் காற்று முகத்தில் அடிக்கும்; தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோடு கண்ணுக்கு எதிரே நிற்கும். போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது. இரும்புச் சுவர், டீசல் வாடை, பெயின்ட் வாடை. சுவரும் தரையும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால் கண்ணுக்கு ஆட்டம் தெரியாது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கோ ஒவ்வொரு அசைவும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாததால் வருவதுதான் கடல்மயக்கம். மீனவன் மகன் என்று அது பார்க்காது. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

என்னைத் தேற்றியவர் கொல்லத்துக்காரரான ஒரு லீடிங் சீமேன், அதாவது என்னைவிட மேற்பதவியில் இருந்த மாலுமி. படுத்துக் கிடக்க விடவில்லை. மேல்தளத்துக்குக் கூட்டிப்போய், கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, தொடுவானத்தையே பார் என்றார். வயிறு காலியாக இருந்தால் இன்னும் மோசமாகும் என்று காய்ந்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கொறிக்க வைத்தார். இடையிடையே ஒரு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். தங்கை மகனிடம் பிறகு நான் சொன்னதும் இதேதான். மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. படுக்க நேரம் கிடைத்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழே படு. அங்கேதான் ஆட்டம் குறைவு. தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் மறைக்காமல் மெடிக்கல் அசிஸ்டன்டிடம் போ. இன்னொன்றையும் சொன்னேன்: வாந்தி எடுக்கிறாய் என்பதற்காக வாட்ச், அதாவது முறை வைத்துச் செய்யும் பணி, ரத்தாகாது. பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வாட்ச் நின்றிருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாலு நாளில் உடம்பு பழகிவிடும்.

வாட்ச் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டும். நாளை நாலு நாலு மணி நேரமாகப் பிரித்திருப்பார்கள். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்து டாக் வாட்ச் என்பார்கள். அப்படி உடைப்பதால் நாளுக்கு ஏழு வாட்ச் வரும். முறை தள்ளிக்கொண்டே போகும். நள்ளிரவு வாட்ச் தினமும் ஒரே ஆள் தலையில் விழாது. மூன்று பேர் முறை வைத்தால் நாலு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் ஓய்வு என்று கணக்கு வரும். ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் சாப்பாடு, குளியல், கப்பலைத் துடைப்பது, ஒத்திகை எல்லாம். சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம் தூங்கினால் அது நல்ல நாள். இரவு 12 முதல் 4 வரை உள்ள மிடில் வாட்சுக்குப் பதினொன்றரைக்கே ஒருவன் வந்து தோளைத் தட்டுவான். தட்டியதும் எழுந்து, ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். தாமதமாகப் போகிற ஒவ்வொரு நிமிடமும் அங்கே நிற்கிற இன்னொரு பிள்ளையின் தூக்கத்திலிருந்து எடுக்கிற நிமிடம்.

பேனரில் பீரங்கியைப் பார்த்துப் போகிற பையன் கையில் முதலில் வருவது துருவைச் சுரண்டும் சுத்தியலும் பெயின்ட் பிரஷும்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். சுரண்டிப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். கழிவறை கழுவுவதும் உண்டு. அவமானமாக நினைத்து மனம் உடைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் செய்துவிட்டு வந்த வேலை அது. குளிக்கும்போது உடம்பை நனைத்துவிட்டுக் குழாயை மூட வேண்டும், சோப்பு போட்ட பிறகுதான் மறுபடி திறக்க வேண்டும். கடல்நீரைக் கப்பலிலேயே நன்னீராக்கித்தான் நூற்றுக்கணக்கான பேர் குடித்துக் குளிக்க வேண்டியிருக்கிறது. மெஸ்ஸில் பேச்சு பெரும்பாலும் இந்தியில் நடக்கும், ஆர்டர்கள் ஆங்கிலத்தில் வரும். தமிழ்ப் பையன்கள் முதல் ஆறு மாதம் திணறுவார்கள். அதற்காக ஒதுங்கி மூலையில் உட்கார்ந்துவிடக் கூடாது. தப்புத்தப்பாகவாவது பேச வேண்டும். பச்சைக் காய்கறி சில நாளில் தீர்ந்து உருளைக்கிழங்கும் பருப்பும் சப்பாத்தியும் என்றாகும்போது வீட்டு ஊறுகாய் பெரிய துணை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தீயணைப்பு. நடுக்கடலில் தீப்பிடித்தால் வண்டி வராது. கப்பலில் உள்ள ஒவ்வொருவனும் தீயணைப்பு வீரன்தான். ஏறிய முதல் நாளே, படுக்கையிலிருந்து மேல்தளத்துக்குப் போகும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். எத்தனை எட்டு, எத்தனை ஏணி, எந்தக் கை பக்கம் கதவு என்று எண்ணி வைக்க வேண்டும். புகையில் விளக்கு உதவாது. இதை எங்கள் கப்பலில் சேரும் ஒவ்வொரு பையனையும் என் கண் முன்னாலேயே செய்ய வைத்திருக்கிறேன். அதேபோல, கடல் கொந்தளிக்கும்போது மேல்தளத்துக்குப் போகாதே என்று சொன்னால் போகவே கூடாது. இரவில் தனியாகவும் போகக் கூடாது.

இனி தங்கையின் கேள்வி. தினமும் பேச முடியாது. சில நேரம் வாரக்கணக்கில் பேச முடியாது. கடலுக்குள் போனால் செல்போன் சிக்னல் இல்லை. 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் சமூக வலைதளங்களுக்கும் கடற்படை தடை போட்டது. எதிரிக்கு உளவு சொன்னதாக மாலுமிகளே கைதான பிறகு வந்த உத்தரவு அது. கப்பலிலிருந்து வீட்டுக்குப் பேச வாய்ப்புத் தரும்போது தருவார்கள். நிறுத்தினால் காரணம் சொல்ல மாட்டார்கள். போன் வராததற்கு ஆபத்து என்று அர்த்தமில்லை.

திரும்பும் தேதியையும் நம்பி எதையும் வைக்காதீர்கள். 2008 அக்டோபரிலிருந்து ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிராக நம் கப்பல்கள் முறை வைத்துக் காவல் நிற்கின்றன. 2011இல் நானும் போனேன். வணிகக் கப்பல்களை வரிசையாகச் சேர்த்து, 490 கடல் மைல் பாதையில் கூடவே போய் விட்டுவிட்டு, மறுபடி எதிர்த்திசையில் ஒரு வரிசையைக் கூட்டிவர வேண்டும். வெயிலில் பைனாகுலரோடு நின்று, தூரத்தில் தெரியும் சின்னப் படகில் வலை இருக்கிறதா, கப்பலில் ஏறும் கொக்கி ஏணி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பெரும்பாலான நாள் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத நாளில் விழிப்பாக இருப்பதுதான் கஷ்டம். அதே காவலில் இருந்த ஐ.என்.எஸ். சுமித்ராவை 2015இல் யேமனில் சண்டை மூண்டதும் ஏடனுக்குத் திருப்பினார்கள். மார்ச் 31 இரவு 349 பேரை அது ஏற்றி வந்தது. அந்தக் கப்பலில் இருந்த பிள்ளைகளின் வீட்டிலும் யாராவது கல்யாணத் தேதி குறித்திருப்பார்கள்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை; சுனாமி வந்த நாள். விசாகப்பட்டினத்தில் இருந்தேன். எல்லாரையும் கப்பலுக்குத் திரும்பச் சொன்னார்கள். நிவாரணப் பொருள்களோடு திருகோணமலைக்குப் போனோம். தமிழ் தெரிந்தவன் என்று என்னைக் கரைக்கு அனுப்பினார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் எந்த ஊர், ராசா?” என்று கேட்டார். மணப்பாடு என்றேன். “உங்கட ஆக்கள் சுகமோ?” என்றார். எனக்குத் தெரியவில்லை. நாலு நாளாக வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் பகுதியில் பெரிய சேதமில்லை என்று ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. அதுவரை அரிசி மூட்டை தூக்கினேன், மொழிபெயர்த்தேன், வாட்ச் நின்றேன். கப்பலில் ஆந்திரத்துப் பையன்கள், அந்தமான் பையன்கள் எல்லாருக்கும் அதே நிலைமை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம்.

தங்கைக்கு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகனின் முழுப்பெயர், பதவி, சர்வீஸ் எண், கப்பலின் பெயர், ஃப்ளீட் மெயில் ஆபீஸ் (கப்பல்களுக்கான கடற்படைத் தபால் அலுவலகம்) முகவரி. வீட்டில் அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிப்பது என்று அவனுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஆபீசரிடம் அவன் கேட்டு வந்து எழுத ஓர் இடம் விட்டிருக்கிறேன். அக்னிவீருக்கு வருடத்துக்கு 30 நாள்தான் லீவு; வீட்டு விசேஷத்துக்கு அவனை எதிர்பார்த்து நாள் குறிக்க வேண்டாம். கப்பல் எங்கே போகிறது, எப்போது வருகிறது என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெருமைக்குக்கூடப் போட வேண்டாம். இந்தக் கடிதத்திலும் அவன் கப்பலின் பெயரை நான் எழுதவில்லை. அவன் பேசும்போது வீட்டுக் கஷ்டத்தை மறைக்கவும் வேண்டாம், பாதி சொல்லி நிறுத்தவும் வேண்டாம். பாதி சேதியோடு ஒரு மாதம் கடலில் இருப்பது கொடுமை.

தங்களிடமும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பயிற்சி முடித்து முதல் கப்பலுக்குப் போகும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கூட்டி, ஓய்வுபெற்ற மாலுமிகளை ஒரு மணி நேரம் பேசவையுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கே கூட்டினாலும் என் செலவில் வருகிறேன். பெண் பிள்ளைகளும் இப்போது மாலுமியாகப் போகிறார்கள். அவர்களின் அம்மாக்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல, கடலில் பணியாற்றிய பெண் அதிகாரி ஒருவரையும் அழைக்க வேண்டும்.

தங்கை மகன் வரும் செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறான். எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு பொட்டலம் காய்ந்த பிஸ்கட்டும் கட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி,
மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம்.