பயந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

அப்பாவும் நானும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் இதையெல்லாம் பேச முடியாது. பாதியில் பிள்ளை அழுவான், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, பிள்ளை மூச்சு விடுகிறானா என்று மூக்குக்கு நேரே விரல் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாய். உங்களுக்கும் இப்படி இருந்ததா அம்மா என்று கேட்டாய். இருந்தது. இன்னும் இருக்கிறது. நீ கோலாலம்பூரில் விமானம் ஏறினால் மெல்பர்னில் இறங்கும்வரை அப்பா கைப்பேசியில் அந்த விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேரோடு அங்கிருந்து கிளம்பிய MH370 விமானம் காணாமல் போனதிலிருந்து வந்த பழக்கம் அது. நான் அவரைக் கேலி செய்வேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "இப்ப எங்க வந்துட்டா?" என்று கேட்பதும் நான்தான்.

அப்புறம் உன் தோழி ஏதோ சொன்னதாகச் சொன்னாயே, இழந்துவிடுவோம் என்ற பயம்தான் வாழ்க்கைக்கே அர்த்தம் கொடுக்கிறது என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. நீயும் அதைப் பிடித்துக்கொண்டு, பயப்படுவதுதான் நல்ல தாய்க்கு அடையாளம் என்று நினைத்துவிடுவாயோ என்று எனக்குக் கவலை.

ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் படிக்க நேரம் நிறைய. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றிப் படித்தேன். நூறு வெள்ளிப் பணம் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட அதே நூறு வெள்ளி தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது என்கிறார்கள். எவ்வளவு பெரிது? ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிறகு கணக்கிட்டார்கள். சந்தையில் பர்ஸைத் தொலைத்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அது வேறு கதை. 1990-இல் கானமனும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. ஒரு பல்கலைக்கழகத்தில் சில மாணவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்தார்கள். சற்று நேரம் கழித்து, என்ன விலை வந்தால் விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காத சிலரிடம், என்ன விலை கொடுத்து வாங்குவாய் என்று கேட்டார்கள். வாங்குகிறவர்கள் மூன்று டாலருக்குப் பக்கத்தில் நின்றார்கள். விற்கிறவர்கள் ஏழு டாலர் வாக்கில் கேட்டார்கள். கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான், அதற்குள் அது "என் கோப்பை" ஆகிவிட்டது.

உன் தோழி இதைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் காட்டலாம். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்தக் கோப்பையில் ஒருத்தரும் ஒரு வாய் கோப்பி குடிக்கவில்லை. ஏறியது விலை மட்டும்தான்.

நம் பினாங்கில் கடலைக் கடக்கும் ஃபெரிக்கும் இதுதான் நடந்தது. 1985-இல் பாலம் திறந்ததும் கார் வைத்திருந்தவர்களில் பலர் ஃபெரியை மறந்துவிட்டார்கள். 2020 டிசம்பரோடு அந்தப் பழைய பெரிய ஃபெரிகளில் பயணிகளை ஏற்றப்போவதில்லை என்றதும் ஒரே கூட்டம். கேமரா, கண்ணீர், குடும்பத்தோடு படம். நம் பிளாட்டில் கீழ்வீட்டு மாமா அக்கரையில் பட்டர்வொர்த்தில் வேலை பார்த்தவர், வாழ்க்கையில் பாதியை அந்தத் தண்ணீர்மேல் கழித்தவர். "நீங்க போகலையா மாமா?" என்றேன். "நான் போக வேண்டியதெல்லாம் போயிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

குவீன் ஸ்ட்ரீட் வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அங்கிருந்து கிளம்பும்போது உனக்கு ஏழு வயது. கீழே கடை, மேலே நாம். அப்படி ஒரு இடத்தில் நாம் அவ்வளவு குறைந்த வாடகைக்கு இருக்க முடிந்ததற்கு ஒரு சட்டம் காரணம். 1948-க்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு வாடகையை இஷ்டப்படி ஏற்றக்கூடாது, குடியிருப்பவரைச் சுலபத்தில் வெளியேற்றவும் கூடாது என்று 1966-இல் போட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997-இல் அதை ரத்து செய்தார்கள். ஆனால் உடனே இல்லை. 1999 கடைசிவரை தவணை கொடுத்தார்கள். யோசித்துப் பார், வீடு கைவிட்டுப் போகப்போகிறது என்று தேதியோடு சொல்லிவிட்டு, அதுவரை அதே வீட்டில் இரு என்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன, சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பேதமில்லாமல்.

தாத்தா அன்றையிலிருந்து ஒரு ஆணி அடிக்கவில்லை. ஓடு உடைந்து ஒழுகியது. ஓட்டுக்குக் கீழே வாளியை வைத்தார். வாளி நிறைந்தால் நான் கொட்ட வேண்டும். "போகப்போற வீட்டுக்கு எதுக்குச் செலவு?" என்பார். மாடிப்படியில் ஒரு பலகை ஆடியது, அதுவும் ஆடியபடியே கிடந்தது. பாட்டி அப்படியில்லை. எனக்கும் என் மாமியாருக்கும் இடையில் ஆயிரம் இருந்தது, உனக்கே தெரியும். அந்த இரண்டு வருஷத்தில் மட்டும் அவரை மலைத்துப்போய்ப் பார்த்தேன். விடிவதற்குள் வாசல் நடைபாதையை, அந்த அஞ்சடியைக் கழுவிக் கோலம் போடுவார். நடந்து போகிறவர்கள் மிதிப்பார்கள், மறுநாள் திரும்பப் போடுவார். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்து வரும் காசில் 1999 தீபாவளிக்கு ஆளை வைத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். தாத்தாவுக்கு வந்ததே கோபம். "வீட்டுக்காரனுக்கா வெள்ளையடிச்சுக் குடுக்கிற?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பாட்டி சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "தீபாவளி அவனுக்கா வருது?" என்றார்.

புது வருஷத்தோடு புது வாடகை வந்தது. நம்மால் கட்ட முடியாத தொகை. பாயா தெருபோங் பிளாட்டுக்கு வந்தோம். வந்த பிறகுதான் தாத்தாவுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை பொங்கியது. அந்தக் காற்று வருமா, அந்த மரப்படி வருமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அதே ஆடும் படிதான்! பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாட் வராந்தாவில் துளசிக்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீடு, வலி பெரிதுதான். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே பயம், ஒரே தேதி. பாட்டி அந்த வீட்டில் வாழ்ந்தார். தாத்தா வாளிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். பயம்தான் அர்த்தத்தைக் கொடுக்கும் என்றால் தாத்தாவுக்கும் கொடுத்திருக்க வேண்டாமா?

அந்த வீடு சில காலம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் சூப் வைக்க விலைபோகும் கூட்டுக்காக அங்கே குருவி வளர்த்தார்கள். நாம் படுத்த அறையில் ஒலிபெருக்கி வைத்து நாளெல்லாம் குருவிச் சத்தம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்ததற்குப் பிறகு குருவிகளும் போயின. இப்போது அது கோப்பிக் கடை, ஒரு கோப்பிக்குப் பதினைந்து வெள்ளி வாங்குகிறார்கள். அப்பா ஒருநாள் போய்க் குடித்துவிட்டு வந்து, "சுமார்தான்" என்றார்.

அப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. நீ வருஷா வருஷம் அனுப்பும் சட்டைகள் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. நல்ல சட்டை, கறை பட்டுவிடுமாம். கறை படாத சட்டையோடு ஒரு மனுஷன் எங்கே போகப்போகிறார் என்று தெரியவில்லை. தாத்தாவின் ரத்தம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. பயத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு காலத்தில் மேல்நாடுகளில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். தொட்டிலில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்தன. ஆஸ்திரேலியாவில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஒன்று சேர்ந்து, ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991 வாக்கில் நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. அப்படி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. அவர்களுடைய துக்கம் என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கிறது. நீ செய்ய வேண்டியது அதுதான். மல்லாக்கப் போடு, மெத்தை கெட்டியாக இருக்கட்டும், முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம், அறையில் புகை கூடாது. அதைச் செய்து முடித்துவிட்டால் மூக்கில் விரல் வைப்பது பிள்ளைக்காக இல்லை, உனக்காக. ஒரு தடவை வைத்துப் பார். ஐந்தாவது தடவைக்குப் பதில் தூங்கு.

பகலில் அவனைக் குளிப்பாட்டு, காலில் போட்டு எண்ணெய் தேய், அவன் முகத்தைப் பார்த்துக் கதை பேசு. வளர்ந்து விடுகிறானே, இந்த நாள் திரும்பி வராதே என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டே இருக்காதே. நேற்று நீ அனுப்பியது முப்பது படம். இரண்டு போதும் எனக்கு.

இன்னொன்று. அப்பா பேரனுக்கு ஸ்பிரிங் தொட்டில் கொண்டுவர வேண்டும் என்று கடைக்குப் போய் ஸ்பிரிங்கும் வாங்கிவிட்டார். அங்கே நர்ஸ் என்ன சொல்கிறாளோ அதன்படியே செய், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் வரும்போது வசம்பு கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். ஆஸ்திரேலியா கஸ்டம்ஸில் வேர், விதை என்றால் பிடித்துக்கொள்கிறார்களாமே. மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். விடமாட்டார்கள் என்றால் இப்போதே சொல்லிவிடு, பெட்டியில் அந்த இடத்துக்கு முறுக்கு வைப்பேன்.

அன்புடன்,
அம்மா