துகளை எந்த ஆழத்தில் விட்டீர்கள்? — ஒரு திறந்த மடல்

மீன்பிடித் தடைப் பகுதிகளுக்கு எல்லை வகுக்கும் மீன்வள மேலாண்மைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முட்டையிடும் இடத்தில் கிளம்பி, குஞ்சுகள் வளரும் கரையில் முடியும் அம்புக்குறி வரைபடங்கள் உங்கள் மேசைக்கு வருகின்றன. எல்லை வரைவதற்கு முன், தயாரித்தவர்களிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: கணினியில் முட்டைக்கும் லார்வாவுக்கும் (பொரித்த இளங்குஞ்சுக்கும்) பதிலாக விடும் துகள்களை எந்த ஆழத்தில் ஓடவிட்டீர்கள்? ‘மேற்பரப்பில்’ என்பது மட்டுமே பதிலென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காற்று தள்ளும் மேல்நீர், பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் வலப்புறமும் தெற்கில் இடப்புறமும் விலகும். மேல்நீர் கரையைவிட்டு விலகும் பருவத்தில் அடிநீர் கரை நோக்கி ஏறிவரும். 5 மீட்டரில் மிதக்கும் முட்டை கடலுக்குள் போகும் அதே நாளில், 40 மீட்டரில் இருக்கும் லார்வா கரைப்பக்கம் வந்துகொண்டிருக்கலாம். நொடிக்கு 10 சென்டிமீட்டர் நீரோட்டம் ஒரு நாளில் 8.6 கிலோமீட்டர் நகர்த்தும். 30 நாளில் சுமார் 260. ஆழத்தில் விட்ட பிழையும் கூடவே வளரும்.

முட்டை எங்கே மிதக்கும் என்பதை அளக்க முடியும். உயரமான கண்ணாடிக் குழாயில் கீழே உப்பு கூடியும் மேலே குறைந்தும் இருக்குமாறு நீர் நிரப்பி, அடர்த்தி தெரிந்த கண்ணாடி மணிகளைப் போடுவார்கள். அவை அங்கங்கே நின்று அளவுகோலாகும். பிறகு விடும் முட்டை எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதுதான் அதன் அடர்த்தி. கரு வளர வளர இது மாறும். ஒருமுறை அளந்தால் போதாது. பொரித்தபின் கதையே வேறு. பல இனங்களின் லார்வாக்கள் இரவில் மேலேறிப் பகலில் இறங்கும். பவளத்திட்டு மீன்கள் சிலவற்றின் முதிர்ந்த லார்வாக்கள் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் நீந்தும். அவற்றை வெறும் துகளாகக் கருதுவது தவறு.

நீரின் செங்குத்துக் கலப்பைக் குருட்டாம்போக்கு நகர்வாக எழுதும்போது ஒரு பழைய ஓட்டை உண்டு: சமன்பாட்டில் திருத்த உறுப்பு ஒன்றைச் சேர்க்காவிட்டால், கலப்பு குறைந்த அடுக்கில் துகள்கள் பொய்யாகக் குவியும். 1997இலேயே விசர் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டினார். சோதிப்பது எளிது. துகள்களை எல்லா ஆழத்திலும் சமமாகப் பரப்பி, மிதப்பும் நீச்சலும் இல்லாமல் ஓடவிடுங்கள். கடைசிவரை சமமாக இருந்தால்தான் நிரல் சரி.

கரையோரத்தில் இன்னும் சிக்கல். கணினி கடலைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடும்; 1/12 பாகைக் கட்டமென்றால் நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டம் 9 கிலோமீட்டர். சின்ன விரிகுடா அதில் தெரியவே தெரியாது. நாள் சராசரி நீரோட்டத்தில் அலையேற்ற இறக்கம் அழிந்துபோகும், மணிவாரித் தரவு வேண்டும். கரையில் மோதும் துகள் ஒட்டிக்கொள்கிறதா, திரும்பி வருகிறதா என்பதையும் கேளுங்கள். முடிவையே மாற்றும் விதி அது.

சாவு விகிதத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. நாளுக்கு 10 சதவீதம் இறந்தால் 30 நாளுக்குப் பின் ஒரு லட்சத்தில் சுமார் 4,240 மிஞ்சும். 20 சதவீதமென்றால் வெறும் 124. ஆகவே ‘இத்தனை குஞ்சு வந்து சேரும்’ என்ற எண்ணை நம்ப வேண்டாம்; எந்தக் கரைக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் பாருங்கள்.

ஓராண்டு ஓட்டமும் போதாது. பத்தாண்டுத் தரவில் ஓட்டி, உத்தேச எல்லைக்குள் எத்தனை ஆண்டு லார்வா வந்து விழுந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். பத்தில் மூன்றுதான் என்றால், வந்து சேரும் கரையில் எல்லை போடுவதைவிட முட்டையிடும் இடத்தை அந்தப் பருவத்தில் மூடுவதே மேல்.

இப்படிக்கு,
லார்வா நகர்வைக் கணிப்போர்